மேல் பலகை

“…ஊட்டுக்காரரு நிக்கிற எடம் தெரியுது, சுடுதண்ணி ஊத்துற எடம் தெரியுது, கேஜு ஏறி எறங்குற எடம் தெரியுது. எல்லாம் சரி சார். இதுல நாங்க எங்க கீறோம்?”

அம்மா இப்படிக் கேட்டது எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரை. அம்மாவின் இடுப்பில் ராகி டின். மாவு மில்லுக்குப் போகிற வழியில், வகுப்பறைக்குள் எல்லாரும் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, டின்னோடு அப்படியே உள்ளே வந்துவிட்டாள். வெளியே வராந்தாவில் ஆசாரி பெட்டிக்கு ஆணி அடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். வாயில் நாலு ஆணி.

ஹெட்மாஸ்டர் சொன்ன பதிலையும் அதன் பிறகு அம்மா செய்ததையும் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். என் வயசுக்காரர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. நமக்கு நேராகப் பேசத் தெரிந்தால் பேரப்பிள்ளைகள் ஏன் எழுந்து போகிறார்கள்?

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் ஏழாம் வகுப்பு. லைனில் வளர்ந்தவர்களுக்கு வீட்டை விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச் சுரங்கத்து வேலைக்காரர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண் பூச்சு, தலைக்கு மேலே துருப்பிடித்த தகரம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து ‘நூறு’ என்பார்கள். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் சண்டைகூடப் போட முடியாது. “மழ வுடட்டும், மீதிய அப்புறம் வெச்சிக்கறேன்” என்று பக்கத்து வீட்டு அத்தை தன் வீட்டுக்காரரிடம் சொல்லி நிறுத்துவது எங்களுக்கு இங்கே கேட்கும்.

எங்கள் டீச்சர் பக்கத்துச் சுரங்கமான பாலகாட் பக்கமிருந்து நடந்து வருவார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அவருடைய அப்பா வைண்டர் டிரைவர். சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி ஷாஃப்ட்; ஆட்களைச் சுமந்துகொண்டு அதில் இறங்கி ஏறும் கூண்டுதான் கேஜ். அந்தக் கேஜை மேலே இருந்து எஞ்சினால் இறக்கி ஏற்றுகிறவர் வைண்டர் டிரைவர். புதிய எஞ்சின் ஒன்று வந்தபோது அதை மாட்டிக் கொடுக்க சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவர் கூடவே வந்தார். ஊரே அவரை மெஷின்காரர் என்றுதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டில் தோசை சாப்பிடுவார். தோசையைச் சுருட்டி, கத்தியால் அறுத்து, சட்னியை மேலே தடவித் தின்பார் என்று டீச்சர் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும்.

அந்த மெஷின்காரருக்கு ஒரு அக்கா. மலை மேல் ஒரு சின்ன ஊரில் அந்த அக்காவும் டீச்சர். வேறு தேசத்து வகுப்பு ஒன்றோடு சேர்ந்து தன் பிள்ளைகள் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஆசையாம். “நலமா, நலம் என்று எழுதி அனுப்பிக்கொள்வது போதாது, இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்ய வேண்டும்” என்று எழுதியிருந்தார். எங்கள் டீச்சர் அதைத் தமிழில் படித்துக் காட்டினார். அவர்களுக்கும் இங்கிலீஷ் சொந்தமில்லை, எங்களுக்கும் இல்லை. இரண்டு பக்கமும் இரவல் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரிதான் அந்தக் கடிதங்கள். மடிப்புக் கலையாமல் நின்றோம்.

முதலில் அவர்களிடமிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மாட்டுக் கழுத்து மணி ஒன்று, ஒரு கட்டு காய்ந்த புல், பஞ்சு சுற்றிய ஒரு பாட்டில். புல்லில் எங்கள் ஊர் வைக்கோல் வாசனை இல்லை, ஏதோ சோம்பு போட்ட மாதிரி வாசனை. பாட்டிலில் தண்ணீர். ‘எங்கள் மலைப் பனி’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. பனியாகத்தான் அனுப்பினார்களாம், வழியில் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியுமாம். ஹெட்மாஸ்டர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குள் என் பெஞ்சுக் கூட்டாளி மூடியில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டிவிட்டாள். அத்தை வீட்டில் புத்தர் படம்தான், தீர்த்தம் எல்லாம் கிடையாது. இருந்தாலும் அத்தை இரண்டு சொட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எந்தத் தண்ணியா இருந்தா இன்னா, இம்மாம் தூரம் வந்துகீது பாரு” என்றாள்.

பதிலுக்கு நாங்கள் என்ன அனுப்புவது? தங்கம் வரும் கல்லை அனுப்பலாம் என்று ஒரே குரலில் சொன்னோம். வெள்ளைக் கல்லில் நீலக் கோடு ஓடும், அதில் எங்காவது ஒரு மினுக்கு. எல்லாரும் கேள்விப்பட்டது, யாரும் வீட்டில் வைத்திருக்காதது. நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“கல்லா? வாட்ச்மேன் வாய்க்குள்ள வெரல வுட்டுப் பாத்து அனுப்பறான். என் வேலையப் பார்சல் கட்டி அனுப்பறேன்னு சொல்லு, உங்க டீச்சருக்கு.”

கல் போச்சு. அப்போதுதான் அந்த அக்காவிடமிருந்து யோசனை வந்தது. ‘எங்கள் பிள்ளைகள் எங்கள் ஊரை, பள்ளத்தாக்கிலிருந்து சிகரம் வரை, அளவெடுத்து மாடலாகச் செய்கிறார்கள். உங்கள் ஊரின் உயரத்தை நீங்களும் அதே அளவில் செய்யுங்கள். எங்கள் ஊர்க் கண்காட்சியில் இரண்டையும் சேர்த்து வைப்போம். பிறகு எங்களுடையதை உங்களுக்கு அனுப்பிவிடுவோம்.’ அவர்களுடைய மீட்டர் கணக்கை டீச்சர் ஒரு ராத்திரி உட்கார்ந்து நம் கணக்குக்கு மாற்றினார். நூறு அடிக்கு ஓர் அங்குலம்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: நம் ஊரின் உயரம் என்ன?

என் பெஞ்சுக் கூட்டாளி எழுந்தாள். “நம்ம ஊருக்கு ஒயரம் கெடையாது டீச்சர். ஆழந்தான்.”

வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார். ஆனால் அந்த நிமிஷமே விஷயம் முடிவாகிவிட்டது. அவர்கள் மலையை மேலே கட்டுவார்கள், நாம் சுரங்கத்தைக் கீழே கட்டுவோம். வேறு எதையும் கட்டலாம் என்று வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பங்காருபேட்டையில் ரயில் ஏறும்போது யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாங்கள் ஷாஃப்ட் பேரைத்தானே சொல்வோம்? இன்றைக்கு நினைத்தால்தான் அதில் உள்ள வேடிக்கை தெரிகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஷாஃப்டுக்குள் இறங்கியது கிடையாது. பார்க்காததை எல்லாம் ஊர் என்று கட்டினோம்.

கணக்குப் போட்டால் பலகை எட்டு அடிக்கும் மேலே போனது. நிமிர்த்தி வைத்தால் வகுப்பறை உத்தரத்தில் இடிக்கும். ஆசாரி அதை மூன்று துண்டாகச் செய்து, கீல் போட்டு மடிக்கிற மாதிரி கொடுத்தார். உச்சியில் தரைக்காக ஓர் அகலப் பலகை, முக்காலி மாதிரி. அதை மேல் பலகை என்றோம்.

கீழே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாததால் டீச்சர் அப்பாக்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தார். காலை ஷிஃப்ட் முடிந்ததும் குளித்துத் தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது. சின்னப் பெஞ்சுகளில் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் பொத்தானைக் கழற்றிவிட்டு சண்டை ஆரம்பித்தது.

“அந்த லெவல்ல வழி எடது பக்கம் திரும்புதுப்பா.”

“நீ எறங்கி வரச்சே எடது. நான் வேல செஞ்சிட்டுத் திரும்பி வரச்சே அது சோத்துக்கை பக்கம்.”

“உன் மூஞ்சி எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கமெல்லாம் வழி திரும்புமா?”

லெவல் என்பது மாடிக்கட்டடத்தில் மாடி மாதிரி, ஆனால் கீழ்நோக்கி. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு கோடு கிழித்து, கோட்டின் மேல் நாங்கள் அட்டையும் களிமண்ணும் ஒட்டினோம். என் அப்பா டிம்பர்மேன். பாறை இறங்காமல் மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. “கீழ இன்னா கீது?” என்று நாங்கள் கேட்டால், “பாறை” என்பார். களி உருண்டையைக் குழம்பில் தொட்டு விழுங்குவார், படுத்துவிடுவார். அவர் துண்டில் ஈரக் கயிறும் இரும்பும் கலந்த ஒரு வாடை, அதுதான் எனக்குத் தெரிந்த சுரங்கம். அந்த மனிதர் வகுப்பறைத் தரையில் மண்டி போட்டு, தீக்குச்சியை ஒடித்து ஒடித்து முட்டு நிறுத்திக் காட்டினார். எது தாங்கும், எது முறிவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அடி லெவலில் சுவரிலிருந்து கசியும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு என்றார். அதற்கு நான் சிவப்பு மை தடவினேன்.

அம்மாக்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களாக ஜன்னலில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குழாய், குடம் நிறைகிற வரை நிற்க ஒரு சாக்கு. பிறகு குடம் நிறைந்து வழிந்தாலும் யாரும் போகவில்லை.

“எங்கூட்டு ஆளு எங்க கீறாருன்னு இப்பத்தான் தெரியுது. இத்தினி வருசம் சங்கு ஊதினா போறாரு, சங்கு ஊதினா வர்றாருன்னுதான் எனக்குத் தெரியும்” என்றாள் அத்தை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவுக்கு அம்மா குளிக்க வெந்நீர் விளாவவில்லை. பச்சைத் தண்ணீரை வைத்தாள். அப்பா ஏன் என்றார்.

“காலைலேர்ந்து சுடுதண்ணில நின்னுட்டு வர்ற மனுசனுக்கு, கண்ணாலம் ஆன நாளா சுடுதண்ணி வெச்சிக் குடுத்துக்கினு கீறேன். ஒரு வார்த்த சொன்னா கொறைஞ்சா போவும்?”

அப்பா குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். “அது வேற சூடு. இது வேற” என்றார். அம்மா மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நடுவில் ஒருநாள் ஏர் பிளாஸ்ட். நம் ஆட்களுக்கு அந்தச் சொல் போதும். தெரியாதவர்களுக்கு: ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், மேலே ஊர் ஒரு குலுக்குக் குலுங்கும். அன்றைக்கு மெஷின்காரர் வகுப்பில் இருந்தார். பலகையைப் படம் எடுக்க வந்திருந்தார். தகரம் தடதடத்தது, சாக்பீஸ் டப்பா விழுந்தது, அப்பா நிறுத்திய தீக்குச்சிகளில் பாதி உதிர்ந்தன. அவர் கேமராவோடு டீச்சர் மேசைக்கு அடியில் போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்தோம். “நீங்கள் ஏன் ஓடவில்லை?” என்று பிறகு கேட்டார். எங்கே ஓடுவது என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஆனால் ஜன்னலில் ஒருத்தியும் இல்லை. குடங்கள் மட்டும் இருந்தன, ஒன்று உருண்டு கிடந்தது. குலுங்கினால் அம்மாக்கள் எல்லாரும் ஷாஃப்ட் கேட்டுக்குப் போவார்கள். யாரும் சொல்லி அல்ல. அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் போய் நிற்பார்கள். கேஜ் மேலே வந்து கதவு திறக்கும்போது தலைகளை எண்ணுவார்கள், தன் தலை வந்தாலும் கடைசி ஆள் வரை நிற்பார்கள். அன்று யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மா திரும்பி வந்து குடத்தை நிமிர்த்தி, மறுபடி குழாயில் வைத்தாள். நாங்கள் தீக்குச்சிகளை மறுபடி நிறுத்தினோம்.

இப்போது மேல் பலகைக்கு வருகிறேன். அதற்கு ஹெட்மாஸ்டரே பெயின்ட் வாங்கிக் கொடுத்தார். பச்சை. நம் ஊரில் அவ்வளவு பச்சையை யார் பார்த்தது? தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைட் மேட்டு வெள்ளைத் தூசி காற்றில் வந்து துவைத்த துணியில் உட்காரும் ஊர் அது. பச்சைக்கு நடுவில் ஹெட்கியர், அதாவது ஷாஃப்டின் தலைக்கு மேல் நிற்கும் இரும்புக் கோபுரம், சைக்கிள் போக்ஸ் கம்பியில் செய்தது. அழகாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் பச்சை.

டீச்சர் லைன் வீடுகளையும் வைக்கலாமா என்று கேட்டாராம். டீச்சரே பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேணாம்மா. முன்ன ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து தட்டி வீட்டை, தண்ணிக் குழாய் கியூவை எல்லாம் போட்டோ புடிச்சிட்டுப் போனான். அவன் ஊர்ல அதுக்குக் கீழ என்ன எழுதினானோ. அவங்க மலைக்குப் பக்கத்துல நம்ம தகரத்தக் கொண்டுபோய் வெக்கணுமா? ஹெட்கியர் போதும். கம்பீரமா இருக்கு” என்றாராம்.

அப்போது தெரிந்திருந்தால் நாங்கள் அவரைப் பெரிய மனுஷத் தோரணை பிடித்தவர் என்றுதான் சொல்லியிருப்போம். கோட்டுப் போடுவார், செருப்பு இல்லாத பிள்ளைகளைப் பிரேயரில் பின் வரிசையில் நிறுத்துவார். அவரும் லைனில் பிறந்தவர்தான் என்று அவர் சாவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி. அவர் அம்மா அதே குழாயில் தண்ணீர் பிடித்தவளாம். பின் வரிசையில் நிறுத்தியது எங்களை ஒளிப்பதற்கா, காப்பாற்றுவதற்கா என்று இந்த வயசில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கையால்தான் செய்தார் போலிருக்கிறது.

மெஷின்காரர் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. மாடலை அவர் கையோடு எடுத்துப்போவது என்று ஏற்பாடு. மதியம் பங்காருபேட்டையில் ரயில். அதற்கு முன்னால் காலையில் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். பலகையை மூன்று மடிப்பும் பிரித்து, சரித்து, சுவரில் சாய்த்து வைத்தோம். இப்போது சரித்த நிலையில் மேல் பலகை ஓர் ஆளின் நெஞ்சுயரத்தில் இருந்தது. அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் லெவலில் விரல் வைத்து, “இதோ, இங்கதான்” என்று காட்டினார்கள். என் அப்பா அடியில் குந்தி சிவப்பு மையைத் தொட்டார். அம்மாக்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். ‘அடடே’ என்றார்கள். சிரித்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, டின்னோடு அம்மா வருகிற வரைக்கும்.

அதற்கு முன், பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அதைச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

அந்த மலையூர்ப் பிள்ளைகள் செய்த மாடல் ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. மரத்தைச் செதுக்கிய மலை, உச்சியில் வெள்ளைச் சுண்ணம். அடிவாரத்தில் அவர்கள் வீடுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு! ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. ஹெட்மாஸ்டர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, “இவங்க அளவுல மோசம் பண்ணிட்டாங்க. இந்தக் கணக்குல ஒரு வீடு கிட்டத்தட்ட குதுப்மினார் ஒசரம்” என்றார். அவருக்கு அது உண்மையான வருத்தம். அந்த மலை அவர் அறை பீரோ மேல் நெடுநாள் இருந்தது. பிறகு கரையான். கழுத்து மணியை யாரோ ஒரு பிரிவு உபசாரத்தில் கொண்டுபோனார்கள். பனித் தண்ணீர் பாட்டிலில் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் காலியாகிவிட்டது, மூடி திறக்காமலே.

மாடலோடு ஒரு போட்டோவும் வந்தது. வீடு மாற்றும்போது என்னிடமிருந்த பிரதி தொலைந்துவிட்டது. ஆனாலும் கண்ணில் இருக்கிறது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் மாடி உண்டு. மாடித் தரையில் அவர்கள் மலையை வைத்து, அதே மட்டத்திலிருந்து மாடிப்படி ஓரமாக எங்கள் பலகையைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். மலை மேலே, சுரங்கம் கீழே, ஒரே ஊர் மாதிரி. ஆனால் படத்தில் உள்ள பிள்ளைகள் மலையையும் பார்க்கவில்லை, எட்டடி ஆழத்தையும் பார்க்கவில்லை. வரிசையில் நிற்கிறார்கள். வரிசையின் முன்னால் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்து, எங்கள் மேல் பலகையின்மேல் குனிந்திருக்கிறாள். அடுத்த பையன் அவள் தோளை இடிக்கிறான், சீக்கிரம் கொடு என்று. ‘ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள்’ என்று அந்த அக்கா எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதுவதற்கே எங்களுக்கு அடுத்த வருஷம் முழுவதும் வேலை இருந்தது.

சரி. அந்தக் காலை.

“இதுல நாங்க எங்க கீறோம்?”

என் அப்பா குந்திய இடத்திலிருந்து தலையைத் தூக்கி மேல் பலகையைப் பார்த்தார், அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல. டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, என் அம்மா சபையில் பேசுகிறாளே என்று. பிறகு நானும் பலகையைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது.

“இது மைன் மாடல்மா” என்றார் ஹெட்மாஸ்டர். “மைன்தான் இதுல காட்டறது.”

“இல்ல சார், ஊருன்னு சொல்லித்தான் எம்பொண்ணு ஊட்ல சொல்லிச்சி. ஊருன்னா நாங்களும் கீறோமில்ல? நெலம் குலுங்கினா நாங்க நிக்கிற எடம் எது இதுல? இங்கியா, அங்கியா?” அம்மா விரலால் பச்சையைத் தொடாமல் அதன் மேல் காட்டினாள். “இவுரு மேல ஏறி வந்தா யார் ஊட்டுக்குப் போவாரு?”

பின்னாலிருந்து அத்தை, “எங்கியும் போவமாட்டாரு, கோபுரத்தப் புடிச்சிக்கினு தொங்குவாரு” என்றாள். அம்மாக்கள் சிரித்தார்கள். அப்பாக்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். பொறுமையாகத்தான் சொன்னார். ரயிலுக்கு நேரம் ஆகிறது என்று ஒரு கண் வராந்தாவில் இருந்தது.

“அம்மா, இது எல்லாம் ஒரு அளவுல செய்யறது. நூறு அடிய ஒரு அங்குலமாக் குறைச்சிருக்கோம். அந்தக் கணக்குல உங்க வீடு எவ்வளவு வரும் தெரியுமா?” சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கண் அம்மாவின் டின்னில் விழுந்தது. “அதுல என்ன, ராகியா? அதுல ஒரு மணி. ஒரே ஒரு ராகி. அவ்வளவுதான் வரும் உங்க வீடு. அத வெச்சி யார் கண்ணுக்குத் தெரியப்போவுது சொல்லுங்க?”

“ஒரு ராகி வருமா?” என்றாள் அம்மா.

“வரும். அதான் சொல்றேன்…”

“ஊட்டுக்கு ஒரு ராகி.”

“ஆமாம்மா. ஆனா…”

அம்மா டின்னை இடுப்பிலிருந்து இறக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். பூதிகோட்டைக் கிராமத்துக்காரி லைனுக்குக் கொண்டுவந்து விற்ற ராகி, நம் தகரத்துத் துருவின் அதே சிவப்பு. டீச்சரைப் பார்த்து, “அந்தப் பசையக் கொஞ்சம் இப்படிக் குடும்மா” என்றாள். டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார். வராந்தாவில் ஆசாரி வாயிலிருந்த ஆணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா கோபுரத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, தெரு முனையில் நின்று வழி நிதானிக்கிற மாதிரி, “சங்கு ஊதறது இங்கன்னா, நாம இந்தப் பக்கம்” என்றாள். பச்சையில் பசையை ஒரு கோடாக இழுத்தாள். சுட்டு விரல் நுனியை நாக்கில் தொட்டு, டின்னிலிருந்து ஒரே ஒரு ராகியை ஒற்றி எடுத்து, கோட்டின் தொடக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

“இது அத்த ஊடு” என்றாள்.

பிறகு அடுத்த வீட்டுக்காக விரலை நாக்கில் தொட்டாள்.